டிப்ரஷன் காசுள்ளவர்களுக்கு மட்டும் வரும் வியாதியா?

வாசகர் ஒருவர், 3 பிப்ரவரி 2024

எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றார். மூன்றைப் புதைத்தார். அதற்கப்புறமும் களை எடுக்கப் போனார். டிப்ரஷன் என்று ஒரு நாள் படுத்ததில்லை. இன்றைக்கு ஏசி அறையில் உட்கார்ந்து சம்பாதிப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் வருகிறது. காசும் நேரமும் மிஞ்சினால் வரும் வியாதி இது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3 பிப்ரவரி, இரவு 10.40

மறுக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஏசி ரூமும் தெரியும், தைத்த பீஸில் பழுது பார்க்கும், ஏசி இல்லாத செக்கிங் டேபிளும் தெரியும். விவரமாக நாளை எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை, சம்பளம் போட்டு முடித்துக் கண் எரிகிறது.

4 பிப்ரவரி

முதலில் என் கதை. 2018 கடைசியில் எனக்கு வந்தது. ஒரே பக்கத்தை நான்கு தடவை கூட்டுவேன், நான்கு விடை வரும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. குழந்தை வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் எரிச்சல் வரும், அந்த எரிச்சலை நினைத்து அழுகை வரும். வேலைப் பளு, சுகராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சினன் கோவையில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் அரை மணி நேரம் என்னையே பார்த்துவிட்டு, "மாமா, ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம் வாங்க, எங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றான். டாக்டர் ஃபீஸ் 600 ரூபாய். தைராய்டு டெஸ்ட் ஒன்று எடுக்கச் சொன்னார், அதில் ஒன்றும் இல்லை. டிப்ரஷன் என்று எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியாது, நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நான்காவது வாரம் ஒரு காலையில் காபி காபி மாதிரி இருந்தது. ஒன்பது மாதம் சாப்பிட்டேன்.

அதே வருடம் எங்கள் செக்கிங்கில் ஒரு அக்காவுக்கு அச்சு அசலாக அதேதான். அவர் போனது மெடிக்கல் ஷாப்புக்கு. "தலை பாரமா இருக்குதுங்க, ஒரே அசதி" என்றிருக்கிறார். சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்து ஒரு கிளினிக், அங்கே ஊசி. அப்புறம் அல்சர் என்று ஒருவர், கேஸ் டிரபிள் என்று ஒருவர். கடைசியில் மாமியார் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கோழி அறுத்தார்.

எனக்கு வந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. உங்கள் பாட்டிக்கும் கிடைத்திருக்காது.

4 பிப்ரவரி, மதியம்

எண்ணும் வேண்டும் என்று கேட்பீர்கள். பெங்களூரில் இருக்கும் மத்திய அரசு மனநல நிறுவனம் நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது, தமிழ்நாடும் அதில் உண்டு. வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன், வந்தவர்கள் 20இல் 1 ஆள். பெண்களுக்கு அதிகம். நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு அதிகம். வருமானம் குறைந்த வீடுகளில் அதிகம். பெருநகரங்களிலும் அதிகம், ஆக உங்கள் ஏசி அறைக்கு அரை மார்க் போடலாம். மனச்சோர்வு உள்ள 100 பேரில் 85 பேர் வைத்தியமே பார்க்கவில்லை என்றும் அதில் இருக்கிறது.

7 பிப்ரவரி

மேலே கடைசி வரியில் தப்பாக எழுதிவிட்டேன். அந்த 85 பேர் வைத்தியமே பார்க்காதவர்கள் இல்லை, மனச்சோர்வுக்கு வைத்தியம் கிடைக்காதவர்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். அந்த அக்கா ஐந்து இடத்துக்குப் போயிருக்கிறார். கேட்டுக் கணக்குப் போட்டேன் (தொழில் புத்தி). ஸ்கேன் உட்பட 6,000 ரூபாய்க்கு மேல். எனக்குப் பத்து மாதத்தில் ஆனதை விட ஆயிரம், ஆயிரத்தைந்நூறுதான் குறைவு. அவர் சம்பளத்தில் பார்த்தால் என்னுடையதைப் போல மூன்று மடங்கு பாரம். இவ்வளவு செலவழித்தும் கணக்கெடுப்பில் அவர் "சிகிச்சை பெறாதவர்".

12 பிப்ரவரி

டாக்டர்கள் கேட்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு, பிஎச்க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 27. பத்தைத் தொட்டால் டாக்டர் கவனமாகப் பார்ப்பார். தமிழிலும் இருக்கிறது. இன்று டீ நேரத்தில் அக்காவிடம் விளையாட்டாகக் கேட்டேன். இப்போதும் அவர் முழுதாகச் சரியாகவில்லை.

"எந்தக் காரியத்திலயும் சந்தோசம், ஆர்வம் இல்லாம இருந்துச்சாங்க்கா?"

சிரித்தார். "சந்தோசமா செய்யறதுக்கு என்னங் இருக்குது?"

இதற்கு 0 போடுவதா, 3 போடுவதா?

"மனசு சரியில்லாம?" "அதெல்லாம் இல்லீங்." "தூக்கம்?" "தூக்கம் எங்கீங் வருது." "பேப்பர் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது கவனம் சிதறுதா?" "பேப்பர் நான் படிக்கறதில்லீங்."

அதோடு விட்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்தான். எழுந்து போகும்போது அவராகவே சொன்னார்: "அன்னைக்கு ஓட்டை பீஸ் நாலு விட்டுட்டனுங். சூப்பர்வைசரு எல்லாத்துக்கும் முன்னாடி விரிச்சுக் காட்டுனாரு." டியூப் லைட்டுக்கு அடியில் பீஸை விரித்து, ஊசி விழுந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை அவருடையது. பதினோரு வருடமாகச் செய்கிறார். விரலே கண்டுபிடித்துவிடும். ஓட்டை கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியவில்லை என்றால், நான் ஒரே பக்கத்தை நான்கு தடவை கூட்டியதும் அதுவும் ஒன்றுதான். படிவத்தில் பனியன் இல்லை, பேப்பர்தான் இருக்கிறது.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

13 பிப்ரவரி

ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார், "கணக்குப்பிள்ளைக்கு எதற்கு டாக்டர் வேலை" என்று. நியாயம். எங்கள் ஆடிட்டரும் என் கணக்கைப் பார்த்து இதையேதான் சொல்வார்.

18 பிப்ரவரி

பாட்டி வாசகர் திரும்ப வந்து கேட்கிறார்: ஏழைக்கு அதிகம் என்றால், ஏழ்மையால் இது வருகிறதா, இது வந்ததால் ஏழையாகிறார்களா?

இரண்டும் என்கிறது, 2020இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்களில் கோவாவில் நிறைய வேலை செய்த மனநல மருத்துவர் விக்ரம் படேலும் ஒருவர். வருமானத்தில் அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வோ பதற்றமோ வருவது மேல்மட்டத்தைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு. வேலை போனால் வருகிறது, வந்தால் வேலை போகிறது.

அதே வருடம் ஆஷிஷ் குப்தா, டயன் காஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தியாவில் சாதி, மதம், மனநலம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் தங்கள் மனநிலை மோசம் என்று சொல்வது அதிகம். சொத்து, படிப்பு, செலவு எல்லாவற்றையும் சமன்படுத்திப் பார்த்தாலும் அந்த இடைவெளி முழுதாக மறையவில்லை. ஆக, காசை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

இதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. மச்சினன் என்னிடம் வந்து சொன்னதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு மச்சினன் இருப்பதும் ஒரு சொத்துதான். பத்திரத்தில் எழுதாத சொத்து.

20 பிப்ரவரி

நானே எனக்கு எதிராக ஒன்று போடுகிறேன். அடிமட்டத்தில் இருந்தால் எப்போதும் அதிகமாக வரும் என்று இல்லை. 2007இல் அமெரிக்காவில் டேவிட் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட கணக்கு: வாழ்நாளில் பெரிய மனச்சோர்வு வந்தவர்கள் வெள்ளையரில் 17.9%, கரீபிய வம்சாவளிக் கறுப்பினத்தவரில் 12.9%, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4%. ஆக, ஒடுக்கப்பட்டவர்களுக்குத்தான் குறைவு! பாட்டி வாசகர் விசில் அடிக்கலாம்.

அடிப்பதற்கு முன் அடுத்த வரி. வந்தவர்களில் அது விடாமல் நீடித்தது வெள்ளையரில் 38.6% பேருக்கு. கறுப்பினத்தவர் இரு பிரிவிலும் சுமார் 56 சதவீதம். ஆப்பிரிக்க அமெரிக்கரில் சிகிச்சை கிடைத்தது பாதிப் பேருக்கும் குறைவு, கரீபியரில் நான்கில் ஒருவருக்கு.

யாருக்கு வருகிறது என்ற கேள்வியையே இவ்வளவு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். வந்தால் யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

25 பிப்ரவரி

ஆண்கள் பற்றிக் கேட்டிருந்தார்கள். எங்கள் பவர் டேபிளில் ஒரு டெய்லர், நல்ல கைக்காரர். இரண்டு வருடத்தில் வாரம் ஆறு ஷிஃப்ட் நான்காகி, இரண்டாகி, அப்புறம் ஆளே இல்லை. "குடிகாரன், போய்த் தொலையட்டும்" என்றார்கள். செட்டில்மென்ட் போட்டவன் நான். முன்பணம் கழித்து 1,140 ரூபாய் வந்தது. வாங்கிக்கொண்டு படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குடித்திருக்கவில்லை. குடியால் அப்படி ஆனாரா, அப்படி ஆனதால் குடித்தாரா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பெண்ணுக்கு வந்தால் அல்சர், ஆணுக்கு வந்தால் டாஸ்மாக். கணக்கெடுப்பில் மனச்சோர்வு பெண்களுக்கு அதிகம், தற்கொலை ஆண்களுக்கு அதிகம். 2021இல் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்த தற்கொலைகள் 1,64,033. அதில் தினக்கூலிகள் 42,004 பேர், நான்கில் ஒன்றுக்கு மேல். இல்லத்தரசிகள் 23,179 பேர். எல்லாத் தற்கொலைக்கும் மனச்சோர்வுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கடன் இருக்கிறது, குடும்பச் சண்டை இருக்கிறது. ஆனால் "காசும் நேரமும் மிஞ்சினால்" என்று ஆரம்பித்த பேச்சுக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

பி.கு.: ஒன்பதாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு ஒரு நர்ஸ் என்னைத் திட்டியிருக்கிறார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பல பேருக்குக் கேட்டதே ஆறுதல் என்கிறார். மறுநாளே அக்காவிடம் கேட்டேன். "புள்ள இருக்குதுங்ளே" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. 14416 எண்ணை எழுதிக் கொடுத்தேன். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. பில் புத்தகத்துத் தாளில்தான் எழுதினேன். மடித்து மொபைல் கவருக்குள் வைத்துக்கொண்டார்.

3 மார்ச்

பெரிய திருத்தம். இதையெல்லாம் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் எழுதுவது உறுத்தியது. பாதியில் நிறுத்தினார்.

"நான் மனசு டாக்டர்கிட்டப் போகலைன்னு யாருங் சொன்னா?"

போயிருக்கிறார்! 2019இலேயே. பெரியாஸ்பத்திரியில் தலைவலிக்குப் போன இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசி, செவ்வாய்க்கிழமை வரும் மனநல டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். நான்கு தடவை போயிருக்கிறார். மாத்திரை இலவசம்.

அவருக்குப் பெயரே கிடைக்கவில்லை என்று நான் எழுதியது தப்பு. கிடைத்திருக்கிறது. "மனச்சோர்வுன்னாங், அதான் எனக்கே தெரியுதே, சோர்வாத்தானே இருக்கறேன்னு நினைச்சனுங்."

ஏன் விட்டார் என்று கேட்டேன். நான் பதில் தயாராக வைத்திருந்தேன்: செவ்வாய் லீவு போட்டால் ஒரு ஷிஃப்ட் 380 ரூபாய் போகும், அதனால்தான். அவர் சொன்னது வேறு. இரவில் ஒரு மாத்திரை, காலையில் எழுந்திருக்கவே முடியாது. வாய் வறண்டு நாக்கு ஒட்டும். எட்டரைக்குச் செக்கிங் டேபிளில் நின்றால் பத்து மணி வரை தலை தொங்கும். நான் எழுதிய அந்த நாலு ஓட்டை பீஸ் விவகாரம் நடந்தது மாத்திரை சாப்பிட்ட நாட்களில்தானாம். சூப்பர்வைசர் விரித்துக் காட்டிய அன்று மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்.

என் அழகான உதாரணம் போயிற்று. கவனம் சிதறியது நோயாலா, மருந்தாலா? அவருக்கும் தெரியவில்லை.

5 மார்ச்

பழைய சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். அமிட்ரிப்டிலின். 1960களிலிருந்து இருக்கும் மருந்து. வேலை செய்யும் மருந்துதான், தலைவலிக்கும் கொடுப்பார்கள், ஆனால் தூக்கம் அதிகம், வாய் வறட்சி உண்டு. தலைவலி என்று போனதால் அதை யோசித்திருக்கலாம். டாக்டரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு காலையில் எண்பது பேரைப் பார்ப்பவர்.

எனக்கும் ஆரம்பத்தில் குமட்டல் இருந்தது. இரவு பத்து மணிக்கு டாக்டருக்கு வாட்ஸ்அப் போட்டேன், "சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், ஒரு வாரத்தில் போய்விடும்" என்று பதில் வந்தது. போய்விட்டது. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்த தூரம் அந்த ஒரு மெசேஜ்தான் என்று இப்போது நினைக்கிறேன். முதல் டாக்டர் அவருக்கும் கிடைத்தார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதற்கு இரண்டாவது தடவை ஆள் கிடைக்கவில்லை. சொல்லலாம் என்பதே அவருக்குத் தெரியாது. "கவர்மென்ட்ல குடுத்ததை மாத்திக் குடுங்கன்னு எப்படிங் கேக்கறது?"

10 மார்ச்

டாக்டர்கள் போதாது, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒருவர் முடித்துவைத்திருக்கிறார். கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்து பார்த்தார்கள். மனநலப் படிப்பே படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கு ஆறிலிருந்து எட்டு தடவை உட்கார்ந்து பேச வைத்தார்கள். மறுபடி கோயிலுக்குப் போ, பக்கத்து வீட்டில் பேசு, விட்ட வேலையில் ஒன்றை எடு என்று சின்னச் சின்னதாக. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: மூன்று மாதத்தில் 64% பேர் தேறினார்கள், வழக்கமான கவனிப்பில் 39%. ஆக, வழி இருக்கிறது. முக்கியமாக எனக்குப் பிடித்தது, பேசுபவர் திரும்ப வருவார் என்பது.

17 மார்ச்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பற்றி எழுதச் சொன்னார்கள். 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அரசு மனநலச் சிகிச்சை தர வேண்டும், உடல் நோய்க்கு உள்ள மாதிரியே காப்பீடும் வேண்டும் என்கிறது. சரிதான். ஆனால் வழக்கமான பாலிசி பெட்டில் படுத்தால்தான் காசு கொடுக்கும். மனச்சோர்வுக்காரர்களில் பெரும்பாலோர் படுப்பதில்லை, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் நோய்க்கால உதவி உண்டு, சம்பளத்தில் 70%, வருடத்துக்கு 91 நாள் வரை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். எங்கள் செக்கிங் பெண்களில் பாதிக்கு மேல் கான்ட்ராக்டர் கணக்கில் வருகிறார்கள், இஎஸ்ஐ பிடித்தமே கிடையாது. அந்த ரிஜிஸ்டரை எழுதுவது யார் என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். நான்தான்.

24 மார்ச்

ஒடிசா, பீகார் பையன்கள் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். ஒரு பேக்கிங் பையன் மூன்று நாளாக ரூமை விட்டு வரவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில் "தபியத்?" (உடம்பு எப்படி?) என்றேன். "டீக் ஹை" (நல்லாத்தான் இருக்கு) என்றான். அதற்கு மேல் எனக்கும் வார்த்தை இல்லை, அவனும் சொல்லவில்லை. அக்காவுக்காவது "அசதி" என்று சொல்ல ஒரு காது இருந்தது. டெலிமானஸில் இந்தி, ஒடியா எல்லாம் உண்டு. எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் ஊருக்குப் போய்விட்டான்.

28 ஏப்ரல்

அக்காவை நானும் என் வீட்டுக்காரியும் கூட்டிக்கொண்டு போனோம். அதே பெரியாஸ்பத்திரி, அதே செவ்வாய். டாக்டர் வேறு. என் மனைவி அவர் சொல்வதற்கு முன்பே "போன தடவை குடுத்தது இவங்களுக்கு ஒத்துக்கலைங்க டாக்டர், வேலைக்குப் போறவங்க" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் சீட்டைப் பார்த்தார், வேறு எழுதினார். காலையில் சாப்பிடும் மாத்திரை. அவ்வளவுதான், நான்கு நிமிடம். இந்த நான்கு நிமிடத்துக்கு ஐந்து வருடம்.

ஆறாவது வாரம் நடக்கிறது. தூக்கம் வருகிறது. "சந்தோசம்?" என்று கேட்டால் மறுபடி அதே சிரிப்புதான். ஆனால் போன வாரம் சூப்பர்வைசரிடம் திருப்பிச் சண்டை போட்டிருக்கிறார். என் வீட்டுக்காரி இதைத்தான் நல்ல அறிகுறி என்கிறாள்.

செவ்வாய் அரை ஷிஃப்ட் பெர்மிஷன் போட வேண்டியிருந்தது. காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு "தைராய்டுன்னு போடுங்" என்றார். நானும் 2018இல் சுகர் செக்கப் என்றுதான் லீவு லெட்டர் கொடுத்தேன், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

டேபிளில் மற்றப் பெண்கள், "தைராய்டுக்கு எந்த டாக்டருங்க்கா, உங்களுக்கு மொகம் தெளிஞ்சிருக்குதே" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா யாரைப் பார்த்துச் சொன்னாரோ தெரியாது. போன செவ்வாய் ரிஜிஸ்டரில் மூன்று பேருக்குத் தைராய்டு.